பாட்டியின் பெயர், யார் பெயரில்?

கேள்வி: ஐயா, நாங்கள் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். எங்கள் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்திலேயே தீபாவளிக்கு முறுக்கு சுட்டு லயம் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) முழுக்கக் கொடுப்பார். லயத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ஒரு பட்டப்பெயர்தான். அவர் கைப்பக்குவத்தில் நான் இரண்டு வருடமாக முறுக்கு, மசாலைத் தூள், கொஞ்சம் மாங்காய் ஊறுகாய் செய்து விற்கிறேன். பாட்டி பெயர், ஊர்ப் பெயர், ‘முறுக்கு’ மூன்றையும் சேர்த்துக் கடைப் பெயராக எஸ்எஸ்எம்மில் (மலேசிய நிறுவன ஆணையத்தில்) பதிந்து, சான்றிதழைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். லோகோவை அத்தை மகன் ஃபோனிலேயே செய்து கொடுத்தான். முறுக்குக்கு நடுவில் பாட்டி முகம், கீழே ரப்பர்ப் பால் பிடிக்கும் ஒரு மங்கு. போன மாதம் தைப்பிங் இரவுச் சந்தையில் ஒருவர் கிட்டத்தட்ட எங்கள் பெயரிலேயே பாக்கெட் போட்டு விற்பதைப் பார்த்தேன். சான்றிதழைக் காட்டி அவரை நிறுத்த முடியாதா? டிரேட்மார்க் எடு என்கிறார்கள். அக்கா வீட்டுக்காரர், “செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், என் பெயரில் போட்டுவிடலாம்” என்கிறார். பெயரைப் பதிவதா, லோகோவைப் பதிவதா? எவ்வளவு ஆகும்? சிங்கப்பூரில் ஒரு கடைக்காரர் எங்கள் முறுக்கைக் கேட்கிறார். அங்கேயும் இது செல்லுமா?

பதில்: வணக்கம் தங்கச்சி. உங்கள் கடைப் பெயரையும் பாட்டியின் பட்டப்பெயரையும் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டுத்தான் இங்கே தந்திருக்கிறேன். இன்னும் மனு போடாத ஒரு பெயரை ஊர் முழுக்கப் படிக்கிற இடத்தில் அச்சிடுவது சரியில்லை. நீங்களும் மனு போடும்வரை புதுப் பெயர் எதையும் வெளியில் சொல்ல வேண்டாம்.

முதலில் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ். அது 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டத்தின்படி கிடைத்தது. வருடத்துக்கு 60 ரிங்கிட் கட்டியிருப்பீர்கள். இந்தப் பெயரில் இந்த இடத்தில் வியாபாரம் செய்கிறவர் இவர்தான் என்று அரசாங்கத்திடம் சொல்லி வைக்கிற பதிவு அது. வங்கிக் கணக்கு திறக்க, லைசென்ஸ் எடுக்க, வரி கட்ட அது வேண்டும். ஆனால் அந்தப் பெயரை வேறு யாரும் பாக்கெட்டில் போடக்கூடாது என்று தடுக்கும் உரிமையை அது தருவதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். எஸ்எஸ்எம் ஒரு பெயரை ஏற்றுக்கொண்டது என்பதால் அது வேறு ஒருவருடைய பதிந்த முத்திரையோடு, அதாவது டிரேட்மார்க்கோடு, மோதவில்லை என்று ஆகிவிடாது. முத்திரைகளைப் பதிகிற இடம் வேறு. அது மைஐபிஓ, அதாவது மலேசிய அறிவுசார் சொத்துக் கழகம். 2019ஆம் ஆண்டு வணிக முத்திரைச் சட்டம் அந்த வருடம் டிசம்பர் 27 முதல் நடப்பில் இருக்கிறது. நீங்கள் தேடும் உரிமை அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது.

அப்படியானால் தைப்பிங்காரரிடம் இப்போது ஒன்றுமே செய்ய முடியாதா? முடியும், ஆனால் கடினமான வழி. பதியாத பெயருக்கும் நம் நீதிமன்றங்கள் ஓரளவு பாதுகாப்புத் தருகின்றன. ஒருவர் தன் சரக்கை இன்னொருவர் சரக்கு என்று நம்ப வைத்து விற்றால் வழக்குப் போடலாம். வக்கீல்கள் இதை ‘பாசிங் ஆஃப்’ என்பார்கள். ஆனால் அந்தப் பெயருக்கு மக்களிடம் மதிப்பு இருக்கிறது, எதிராளியின் பாக்கெட்டைப் பார்த்து மக்கள் ஏமாறுகிறார்கள், அதனால் உங்களுக்கு நட்டம் என்று மூன்றையும் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

கோலாலம்பூர் ஜாலான் ஈப்போவில் 1999இல் திறந்த ‘மெக்கறி’ உணவகத்தின் கதை உங்களுக்கு நினைவிருக்கலாம். நம்மவர் ஒருவர் நடத்திய கறிக் கடை. மெக்டானல்ட்ஸ் 2001இல் வழக்குப் போட்டது. 2006இல் உயர்நீதிமன்றம் மெக்டானல்ட்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2009 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. சிவப்புப் பலகையில் இரண்டு கட்டை விரலையும் தூக்கிக் காட்டும் கோழி, உள்ளே நம்மூர்ச் சாப்பாடு. இதைப் பார்த்து யாரும் பர்கர் கடை என்று நினைக்கப்போவதில்லை என்று ஏற்றுக்கொண்டது. அந்த வருடம் செப்டம்பரில் கூட்டரசு நீதிமன்றத்திலும் மெக்டானல்ட்ஸுக்கு வழி கிடைக்கவில்லை. சின்னக் கடை ஜெயித்ததை நாம் எல்லோரும் பெருமையாகப் பேசினோம். நான் அதில் பார்த்தது எட்டு வருடம். இரண்டு பக்கமும் நல்ல வக்கீல்கள் இருந்தும் எட்டு வருடம். முறுக்கு சுட்டு விற்கிற ஒரு பெண் அப்படி ஒரு வழக்கை நடத்த வேண்டிய நிலைக்கே போகக்கூடாது என்பதுதான் என் கவலை.

அதனால் தைப்பிங்காரரிடம் போய்ச் சண்டை போடாதீர்கள். ஃபேஸ்புக்கில் திருடன் என்று எழுதாதீர்கள். கேஸ் போடுவேன் என்று மிரட்டவும் வேண்டாம். அடிப்படை இல்லாமல் முத்திரை மீறல் என்று மிரட்டினால், மிரட்டப்பட்டவரே நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று புதுச் சட்டம் சொல்கிறது. உங்கள் கையில் இன்னும் பதிந்த முத்திரை இல்லை. இன்னொன்று, அவர் உங்களுக்கு முன்பே அந்தப் பெயரில் விற்றுக்கொண்டிருந்தாரா என்பது உங்களுக்கே தெரியாது. யாரையாவது அனுப்பி ஒரு பாக்கெட் வாங்கி, பிரிக்காமல் வையுங்கள். ரசீது தந்தால் அதையும், இல்லையென்றால் தேதி தெரிகிற மாதிரி அவர் கடையின் படத்தையும். இப்போதைக்கு அவ்வளவு போதும்.

சரி, அக்கா வீட்டுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தில் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் பட்டது.

என் சித்தப்பா தோட்டத்து டிஸ்பென்சரியில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு மூட்டு வலிக்கு ஒரு தைலம் காய்ச்சி, சின்னப் போத்தல்களில் அடைத்து, தன் அம்மா பெயரை ஒட்டி விற்றார். நன்றாகப் போனது. ஒரு கட்டத்தில் பல ஊர்களுக்குக் கொண்டுபோய்ப் போட ஒரு விநியோகஸ்தர் வந்தார். நல்ல மனிதர்தான், வீட்டில் சாப்பிட்டிருக்கிறார். “உங்களுக்கு எதற்கு அலைச்சல், முத்திரையை நானே பதிந்துவிடுகிறேன்” என்றார். சித்தப்பா சந்தோஷமாகத் தலையாட்டினார். ஆறு வருடம் கழித்து விலை விஷயத்தில் மனத்தாங்கல் வந்து இருவரும் பிரிந்தார்கள். சித்தப்பா வேறு ஆள் மூலம் சரக்கைக் கொடுக்கத் தொடங்கினதும் ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது, தன் அம்மாவின் பெயரைத் தானே பயன்படுத்தக்கூடாது என்று. பெயரை முதலில் பயன்படுத்தியது அவர்தான், எதிர்த்து வாதாடியிருக்கலாம். வக்கீல் கேட்டது ஒன்றே ஒன்று: அந்த விநியோகஸ்தர் வருவதற்கு முன்பே விற்றதற்கு ஒரு பில் இருக்கிறதா, ஒரு பழைய லேபிள் இருக்கிறதா? சித்தப்பாவிடம் எதுவும் இல்லை. எல்லாம் ரொக்க வியாபாரம். லேபிளோ அச்சகத்தில் கடனுக்கு அடித்தது. கடைசியில் பெயரை மாற்றினார். புதுப் பெயரில் அந்தத் தைலம் பழையபடி போகவே இல்லை. நான் இந்த வேலைக்கு வந்ததற்கு அவரும் ஒரு காரணம்.

உங்கள் அத்தான் நல்லவராகவே இருக்கட்டும். பணத்துக்கும் பெயருக்கும் முடிச்சுப் போடாதீர்கள். பெயரைப் பயன்படுத்துகிறவர், சரக்கின் தரத்துக்குப் பொறுப்பேற்கிறவர் யாரோ அவரே முத்திரைக்குச் சொந்தக்காரராக இருக்க வேண்டும். அது நீங்கள். உங்களுடையது தனியாள் வியாபாரம் என்பதால் மனுவில் சொந்தக்காரராக உங்கள் பெயரே வர வேண்டும். அத்தான் தரும் பணத்தை ஒரு தாளில் கடனாக எழுதி, மாதம் இவ்வளவு என்று திருப்பிக் கொடுங்கள். பிறகு இருவரும் சேர்ந்து சென்டிரியான் பெர்ஹாட் (தனியார் கம்பெனி) தொடங்கினால், அப்போது முத்திரையை எழுத்து மூலம் கம்பெனிக்கு மாற்றி, மைஐபிஓவிலும் அந்த மாற்றத்தைப் பதியலாம். அப்புறம், பாட்டியின் மற்ற பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள். சட்டம் கேட்கிறதோ இல்லையோ, பெரியம்மா, மாமா எல்லோரும் “எங்கள் அம்மா பெயரை இவள் வைத்துக்கொள்ளட்டும்” என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், வியாபாரம் பெரிதாகும் நாளில் குடும்பத்தில் பேச்சு வராது.

இனி பெயரைப் பார்ப்போம். உங்கள் கடைப் பெயரில் இருக்கும் மூன்று சொற்களில் எதற்கும் தனியாக அதிக பலம் இல்லை. ‘முறுக்கு’ பொருளின் பெயர். அது எல்லோருக்கும் பொது, அதை யாரும் தனக்கென்று எடுத்துக்கொள்ள முடியாது. ஊர்ப் பெயரும் அப்படித்தான். சரக்கு எந்த ஊரிலிருந்து வருகிறது என்று மட்டும் சொல்லும் சொல்லைப் பதிவாளர் சாதாரணமாக ஏற்கமாட்டார். சரவாக் மிளகு போல ஊரின் பெயரே பொருளுக்குப் புகழ் தந்தால் அதற்குப் புவிசார் குறியீடு என்று வேறு சட்டம் இருக்கிறது. அது ஒரு வட்டாரத்து உற்பத்தியாளர்களுக்கானது, உங்களுக்குப் பயன்படாது. மிச்சம் பாட்டியின் பெயர். அந்தப் பெயரில் நம் நாட்டில் எத்தனை உணவகம், எத்தனை மளிகைக் கடை இருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். பதிவானாலும், அதே பெயர் கொண்ட ஒருவர் நேர்மையாகத் தன் பெயரைப் பயன்படுத்தினால் தடுக்க முடியாது.

ஆனால் நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய பாக்கெட்டின் பின்பக்கத்தில், பொருள்கள் பட்டியலுக்கு மேலே, பொடி எழுத்தில் பாட்டியின் பட்டப்பெயர் இருக்கிறது. அதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். லயத்து ஜனங்கள் வைத்த பெயர், அகராதியில் இல்லை, வேறு எந்தக் கடைக்கும் இல்லை, முறுக்கைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. ஒரு முத்திரைக்கு வேண்டிய குணம் எல்லாம் அதில் இருக்கிறது. அதை முன்பக்கத்துக்குக் கொண்டுவந்து பெரிதாகப் போடுங்கள். இப்போதுள்ள கடைப் பெயரை அதற்குக் கீழே சின்னதாக வைத்தால் பழைய வாடிக்கையாளர்களும் குழம்பமாட்டார்கள். எஸ்எஸ்எம்மில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. கடைப் பெயரும் முத்திரையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பெயரா லோகோவா என்று கேட்டீர்கள். இரண்டுக்கும் தனித்தனி மனு, தனித்தனிக் கட்டணம். ஒன்றுக்குத்தான் இப்போது பணம் இருக்கிறது என்றால் பெயர், அதுவும் அலங்காரம் இல்லாத வெறும் எழுத்தாக. எழுத்தைப் பதிந்தால் நாளைக்கு லோகோவை மாற்றினாலும் பாதுகாப்பு உங்களோடு வரும். பெயரும் படமும் சேர்ந்த லோகோவை மட்டும் பதிந்து வைத்திருப்பவர்கள், படத்தை மாற்றியதும் பதிந்தது ஒன்று, பாக்கெட்டில் இருப்பது ஒன்று என்று தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். ரோமன் எழுத்திலேயே பதியுங்கள், மலாய்க்கார, சீன வாடிக்கையாளர்களும் படிக்க வேண்டும் அல்லவா. தமிழ் எழுத்து லோகோவில் இருக்கட்டும். தமிழில் உள்ள முத்திரைக்கு மனுப் போடும்போது உச்சரிப்பையும் பொருளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

லோகோவைப் பிறகு பதியும்போது கறுப்பு வெள்ளையில் கொடுத்தால் ஒரு நிறத்தோடு கட்டுப்பட வேண்டியிருக்காது. அதற்கு முன் அத்தை மகனிடம் ஒன்று கேளுங்கள். அந்த முறுக்கு வளையத்தை அவன் தானே வரைந்தானா, ஆப்பில் தயாராகக் கிடந்த படத்தை எடுத்துப் போட்டானா? தயாராகக் கிடந்தது என்றால் அதே வளையம் நாளைக்கு இன்னொருவர் பாக்கெட்டிலும் இருக்கும், நீங்கள் கேட்கவும் முடியாது. அவனையே கையால் வரையச் சொல்லுங்கள். அந்தப் பால் மங்கு அழகாக இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். நம் நாட்டில் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, சொல்லிச் செய்வித்த வேலையின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், செய்வித்தவருக்கே போகும். ஆனாலும் வீட்டுப் பிள்ளை அன்பாகச் செய்து கொடுத்தது, காசு கைமாறவில்லை. அதனால் ஒரு சின்னத் தொகையைக் கொடுத்து, உரிமை எல்லாம் உங்களுக்கே என்று கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

கட்டணம் பொருளின் வகுப்பைப் பொறுத்தது. உலகம் முழுக்கப் பொருள்களையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். முறுக்கும் மசாலைத் தூளும் 30ஆம் வகுப்பு, ஊறுகாய் 29. மைஐபிஓ முன்பே ஒப்புக்கொண்ட பட்டியலிலிருந்து பொருள் விவரத்தை எடுத்தால் ஒரு வகுப்புக்கு 950 ரிங்கிட், நீங்களாக விவரம் எழுதினால் 1,100. அதனால் பட்டியலில் அரிசியில் செய்த சிற்றுணவு, மசாலைப் பொருள் என்று தேடி எடுங்கள். ஊறுகாய் உங்கள் விற்பனையில் கொஞ்சம்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் 30 மட்டும் போடுங்கள், 950இல் முடியும். ஊறுகாய் வளர்ந்தால் 29க்குப் புது மனு. மனு தள்ளுபடியானால் பணம் திரும்ப வராது. ஏஜெண்டு வைத்தால் அவர் கட்டணம் தனி. மலேசியர்கள் ஏஜெண்டு இல்லாமல் இணையத்திலேயே நேராக மனு போடலாம். பெயர் தெளிவாகத் தனித்து நின்றால் நீங்களே செய்துவிடலாம் என்பது என் எண்ணம். ஆட்சேபம் வந்தால் அப்போது ஏஜெண்டிடம் போகலாம்.

பணம் கட்டும் முன் தேடுங்கள். மைஐபிஓவின் தேடல் இலவசம். எழுத்துக்கு எழுத்து அதே பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். நம் பெயர்களை ரோமனில் பத்து விதமாக எழுதுகிறார்கள். ‘எச்’ சேர்த்தும் சேர்க்காமலும், ஒற்றை ‘ஏ’, இரட்டை ‘ஏ’ என்றும் எல்லா விதமாகவும் போட்டுப் பாருங்கள். காதுக்கு ஒரே மாதிரி கேட்டாலே சிக்கல்தான்.

மனு போட்ட பிறகு பொறுமை வேண்டும், ஒரு வருடம் அல்லது அதற்கு மேலும் ஆகலாம். பரிசோதகர் ஆட்சேபம் எழுப்பினால் பதில் சொல்ல இரண்டு மாதம். ஏற்றுக்கொண்டால் அறிவுசார் சொத்து அதிகாரபூர்வ இதழில் வெளியிடுவார்கள், மற்றவர்கள் எதிர்க்க அதற்கும் இரண்டு மாதம். தைப்பிங்காரர் உங்களுக்கு மூத்தவராக இருந்தால் அப்போது வெளிப்படலாம், அதற்குத்தான் பட்டப்பெயரைச் சொன்னேன். யாரும் எதிர்க்காவிட்டால் பதிவாகும். மனு போட்ட நாளிலிருந்தே பத்து வருடக் கணக்கு ஓடும், அதன்பின் பத்துப் பத்து வருடமாகப் புதுப்பிக்கலாம். இடையில் தொடர்ந்து மூன்று வருடம் பயன்படுத்தாமல் விட்டால் பதிவை ரத்துச் செய்யச் சொல்லி, அதனால் பாதிக்கப்பட்டவர் நீதிமன்றத்தை நாடலாம். பதிவாகும்வரை பெயருக்குப் பக்கத்தில் ‘டிஎம்’ என்று போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் ‘ஆர்’ மட்டும் போடாதீர்கள், பதியாததைப் பதிந்தது என்று காட்டுவது குற்றம். இதழில் பெயர் வந்ததும் எங்கிருந்தோ அரசாங்கக் கடிதம் போலவே ஒரு பில் வரலாம், பதிவுக் கட்டணம் உடனே கட்டுங்கள் என்று. உங்கள் மனு மைஐபிஓவில்தான் இருக்கிறது. வேறு எவருக்கும் ஒரு காசு அனுப்பாதீர்கள்.

மலேசியப் பதிவு சிங்கப்பூரில் செல்லாது. ஆனால் இங்கே மனு போட்ட ஆறு மாதத்துக்குள் அங்கேயும் போட்டால், இங்கே போட்ட தேதியையே அங்கும் கோரலாம். மலேசியா 2019 டிசம்பரிலிருந்து மாட்ரிட் என்ற அனைத்துலக முத்திரைப் பதிவு ஏற்பாட்டிலும் இருப்பதால், இங்கிருந்தபடியே ஒரே மனுவில் பல நாடுகளைக் குறிப்பிடவும் முடியும். அதற்கு அவசரமில்லை. அந்தச் சிங்கப்பூர்க் கடைக்காரர் “பெயரை இங்கே நானே பதிந்து தருகிறேன்” என்று சொன்னால் மட்டும் என் சித்தப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துக் காலி செய்யுங்கள். இரண்டு வருடத்துக்கு முன் அடித்த முதல் ஸ்டிக்கர், அச்சகத்து பில், தீபாவளிச் சந்தை ஸ்டாலுக்குக் கட்டிய ரசீது, வாட்ஸ்அப்பில் வந்த பழைய ஆர்டர்களைத் தேதியோடு அச்செடுத்த தாள், எல்லாம் அதற்குள் போகட்டும். பட்டப்பெயர் அச்சிட்ட பழைய பாக்கெட் ஒன்றாவது இருந்தால் அதுதான் முதலில்.

மனு எண் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். அந்தப் பட்டப்பெயரை அப்போது இந்தப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுகிறேன்.